நாய் ஏறப் புகைவண்டியில் இடமுண்டா?

"மனிதனுக்கே கதியில்லாத நாட்டில் நாய்க்குப் பள்ளிக்கூடமா?" என்று நையாண்டி செய்வோர் நம்மிடையே மலிந்துவிட்டனர். கட்டாக்காலி நாய்களைப் பயிற்றிப் போரில் உடலும் உள்ளமும் சிதைந்தோருக்குத் துணையாகக் கொடுக்கலாம் என்று எவரேனும் சொன்னால், பதுளையிலே சிரிப்பொலி எழுகிறது. சிரிப்போர் சற்றே வரலாற்றைப் புரட்டுவார்களாக!

1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், போரிலே கண்ணிழந்த சிப்பாய்களுக்கென்றே முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தோன்றிற்று. அது சிப்பாயோடு நின்றதா? இல்லை. 1929இல் அமெரிக்காவில் அதே கலை சாதாரணக் குருடருக்கும் உரியதாயிற்று. இன்று அந்நாட்டில், காப்பகங்களிலே கைவிடப்பட்ட நாய்களைத் தெரிந்தெடுத்து, நள்ளிரவுக் கொடுங்கனவிலிருந்து முன்னாள் படைவீரனை எழுப்பவும், கூட்டத்தில் அவன் முதுகுப்புறம் நின்று காவல் செய்யவும் பழக்குகின்றனர். 156 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மாதத்திலேயே நாய் பெற்றோரின் மனநோய் பெறாதோரினும் தணிந்திருந்தது. பிடித்த நாயெல்லாம் இதற்கு உதவா என்பது மெய்யே. குணமறிந்து கழிப்பவை பல. கழிந்தவை வீட்டு நாயாகட்டும், யார் வேண்டாமென்றார்?

இலங்கையில் நாய்க்கா பஞ்சம்? 1973இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்ட நாடு இது. தடுப்பூசியால் அத்தொகை பெரிதும் குறைந்தது. 2006 முதல் கட்டாக்காலிகளைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. நன்று! கொல்லாது விட்டவற்றை என் செய்வது? குட்டிகளைச் சாக்கிலே கட்டித் தேயிலை மலையோரம் விட்டுச் செல்வது சில கனவான்களின் நாகரிகம். கடிபடுகிறவள் கொழுந்தெடுக்கும் பெண்.

ஆயினும் நம் வழக்கு நாயைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. தெமோதரையில் புகைவண்டி ஏறினால், எல்லவும் பண்டாரவளையும் கடந்து வருவது தியத்தலாவைப் படைமுகாம். நாளை அங்கே இப்பயிற்சி தொடங்கினால் நாய் யாருக்குக் கிடைக்கும்? 1999இல் அமைத்த ரணவிரு சேவை அதிகாரசபை சீருடை அணிந்தோருக்கும் அவர் குடும்பத்தாருக்குமே உரியது. ஊவாவின் ஏழைச் சிங்கள இளைஞன் காலிழந்து திரும்பியிருந்தால் அவனுக்கு உதவி கிடைப்பதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் வன்னியில் அதே கண்ணிவெடிக்குக் காலைக் கொடுத்த தமிழ்த் தாய்க்கு என்ன வழி? நீரிழிவால் கண்ணிழந்த வெலிமடை விவசாயிக்கு, லயத்திலே முடங்கிய தொழிலாளிக்கு என்ன வழி? வலியும் சீருடை பார்த்தா வருகிறது?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் புகும் இடத்தில் ஊனமுற்றோரைத் தடுத்தலாகாது என்கிறது. அவர் கைப்பிடித்த நாயைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ, 9ஆம் 20ஆம் உறுப்புரைகளில் உயிருள்ள துணையையும் அரசின் கடமையாக்குகிறது. கையொப்பம் கொழும்பிலே; புகைவண்டிப் பெட்டியின் வாயிலில் "நாயை இறக்கு" என்றால் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

மலையக வாக்கில் பாராளுமன்றம் புகுந்தோர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவரட்டும்: பயிற்சி பெற்ற துணைநாய் அதன் உடையவர் செல்லும் இடமெங்கும் செல்லலாம் என்று. தியத்தலாவையில் பயிற்சிக்கூடம் எழுமாயின், அதன் விண்ணப்பப் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும்; படை இலக்கம் கேட்கும் கட்டம் அதில் இருத்தலாகாது.