சட்டைப் பைக்குள் ஒரு தராசு

பால் ஸ்டோரில் வாளியைத் தராசில் வைத்ததும், முள் எங்கே போய் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பது மரம் வெட்டுகிறவருக்கு ஊறிப்போன பழக்கம். மெட்ரோலாக்கைப் பாலில் விட்டுப் பார்க்கும்போதும் அப்படித்தான். கிராணியார்மீது சந்தேகம் என்பதல்ல அதற்குப் பொருள். நமது கூலியை அளக்கிற கருவி எதுவாயினும் அது காட்டும் எண்ணை நாமும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். இந்தச் சிறு நியாயத்துக்காகத் தோட்டங்களில் எத்தனை வாக்குவாதங்கள் நடந்திருக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

இப்போது இன்னொரு தராசு வந்திருக்கிறது. அது ஸ்டோரில் இல்லை, நமது சட்டைப் பையில் இருக்கிறது. கைப்பேசியில் ஏற்றிக் கொடுக்கப்படும் ஜி.பி.எஸ். செயலியைத்தான் சொல்லுகிறோம். ஆள் எந்தப் பீல்டில் நின்றார், எத்தனை மணிக்கு நின்றார், எந்த வழியாக நடந்தார் என்பதையெல்லாம் வரைபடத்தில் புள்ளியாகவும் கோடாகவும் போட்டுக் காட்டுகிற சங்கதி அது. பீல்டு எல்லையை அளக்கவும், ஆள் வேலைக்கு வந்ததைப் பதியவும் இத்தகைய செயலிகள் வந்துவிட்டன.

இதை வேண்டாமென்று கூச்சல் போட நாம் முன்வரவில்லை. காரணம் இருக்கிறது. காட்டை அழித்த நிலத்திலிருந்து வரும் சரக்கை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று. ரப்பரும் செம்பனையும் அதில் அடங்கும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துச் சரக்கு அங்கே போக முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு காட்டவேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமாயின் எல்லை முழுவதையும் வரைந்து காட்டவேண்டும். அச்சட்டம் அமலுக்கு வரும் தேதி ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போடப்பட்டது வாஸ்தவந்தான். ஆனாலும் வரைபடம் இல்லாமல் இனி ரப்பர் வியாபாரம் இல்லை என்பது தெளிவு. சரக்கு விலைபோகாவிட்டால் நமக்கும் சோறில்லை. ஆகவே அளக்கட்டும். எப்படி அளப்பது, அந்த அளவை யார் பார்ப்பது என்பதுதான் நமது கேள்வி.

நம் அங்கத்தினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் முறையிட்டார். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு தமது நிரைக்குப் போய் வெட்டத் தொடங்கியிருக்கிறார். மண்டோர் அவரைப் பார்த்திருக்கிறார். பதினொரு மணிக்குப் பாலும் ஸ்டோருக்கு வந்து நிறுக்கப்பட்டிருக்கிறது. மாதக் கடைசியில் அரை நாள் கூலியைக் காணோம்! என்னவென்று கேட்டால், செம்மண் ரோட்டுக்கு அப்பாலுள்ள பீல்டில் காலை இரண்டு மணி நேரம் அவர் நின்றதாகச் செயலி காட்டிற்றாம். வேலையில்லாத பீல்டில் நின்றால் வேலைக்கு வரவில்லை என்றுதானே கணக்கு? மண்டோரின் சொல் எடுபடவில்லை. பாலின் கணக்கு எடுபடவில்லை. புள்ளி சொன்னதுதான் வேதவாக்காயிற்று. அடுத்த மாதச் சம்பளத்தில் அந்தக் காசைச் சேர்த்துக் கொடுத்தார்கள், தவறு நடந்ததென்று ஒருவரும் ஒப்புக்கொள்ளாமலே.

புள்ளி ஏன் ரோட்டைத் தாண்டிற்று? பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை இடைவிடாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, அவை வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிட்டுத் தானிருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளுகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம்வரை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். குறிப்பை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை. இருந்தும், திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டும் என்றும், கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் பக்கத்தில் அது இன்னும் மோசமாகும் என்றும் அந்த அரசாங்கத்தாரே கூறுகிறார்கள்.

கித்தாக் காட்டில் திறந்த வானம் ஏது ஐயா? இலையுதிரும் மாதங்களில் வேண்டுமானால் வானம் தெரியும். மற்ற நாளெல்லாம் தலைக்கு மேலே தழைதான். குறைந்தபட்சப் பிழையாகிய 5 மீட்டரையே எடுத்துக்கொண்டாலும், அது ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் உள்ள தூரத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும். எல்லை நிரையில் வெட்டுகிறவர் பாடு என்னாவது?

இதிலே வேடிக்கை என்னவென்றால், தனக்குத் திட்டமாகத் தெரியவில்லை என்பதைக் கைப்பேசி மறைப்பதேயில்லை. ஆண்டிராய்டு கைப்பேசி ஒவ்வொரு இடக்குறிப்போடும் பிழை இத்தனை மீட்டர் இருக்கலாம் என்ற எண்ணையும் சேர்த்தே செயலிக்குக் கொடுக்கிறது. அந்த அளவில் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், ஆள் வட்டத்துக்குள் இருப்பதற்கு நூற்றுக்கு 68 பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். அதாவது மூன்று தடவைக்கு ஒரு தடவை ஆள் வட்டத்துக்கும் வெளியே நிற்கிறார்! கைப்பேசி உள்ளதைச் சொல்லுகிறது. செயலி அந்த எண்ணை விழுங்கிவிட்டு வெறும் புள்ளியை மாத்திரம் ஆபீசுக்கு அனுப்புகிறது. தராசு முள்ளைத் துணியால் மூடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஆகவே செயலி செய்கிறவர்களிடம் நமது முதற் கோரிக்கை இதுதான். வட்டத்தைக் காட்டுங்கள். வெட்டுகிறவரின் திரையிலும் காட்டுங்கள், கிராணியாரின் திரையிலும் காட்டுங்கள், கணக்கிலும் எழுதி வையுங்கள். வட்டம் இரண்டு பீல்டுகளைத் தொட்டுக்கொண்டு நின்றால் “உறுதியில்லை” என்று செயலி சொல்லட்டும், மண்டோரைக் கேட்கட்டும். தானாக ஆள் வரவில்லை என்று எழுதும் அதிகாரம் அதற்கு வேண்டாம். ஓரிடத்தில் நிற்கும்போது ஒரே குறிப்பை நம்பாமல் பல குறிப்புகளை வாங்கிச் சராசரி பார்க்கவும் அது பழகட்டும்.

கிராணிமார் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த ஐரோப்பியச் சட்டம் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் எழுதச் சொல்லுகிறது. ஆறாவது இலக்கம் தரையில் 11 சென்டிமீட்டர். கருவியின் பிழையோ 5 மீட்டரும் அதற்கு மேலும். ஆறு இலக்கம் எழுதிவிட்டால் அளவு அத்தனை நுட்பமாகிவிட்டதென்று எவரும் மயங்கவேண்டாம். அந்தக் காலத்தில் நிலம் அளந்தவர்கள் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்று கணக்குப் போட்டார்கள். சங்கிலி தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆறு இலக்கத்தில் தொய்வு தெரியாது.

இன்னொரு கஷ்டம் காலை நேரத்தது. லைன் இல்லாத இடத்தில் கைப்பேசியைத் திறந்தால், முதற் குறிப்புக் கிடைக்க அது ஒவ்வொரு கோளின் செய்தியையும் முழுதாகக் கேட்டாகவேண்டும். அச்செய்தி 30 வினாடிக்கு ஒரு தடவை திரும்ப வருகிறது. தழைக்கு அடியில் செய்தி அறுந்து அறுந்து வந்தால் நிமிடக்கணக்காகும். பிரட்டுக் களத்தில் வானம் தெரிகிறதல்லவா? அங்கே நிற்கும்போதே செயலி தானாக விழித்து அச்செய்தியை வாங்கி வைத்துக்கொண்டால், காட்டுக்குள் போனபின் தடுமாற்றம் குறையும். இது பெரிய செலவில்லாத திருத்தம்.

லைன் விஷயத்தில் பலருக்குத் தவறான அபிப்பிராயம் இருக்கிறது. ஜி.பி.எஸ். கேட்பதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. வரைபடத்தை இறக்கவும் கணக்கை அனுப்பவுந்தான் அது வேண்டும். வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளும் ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் எத்தனையோ நாளாக இருக்கின்றன. தோட்டத்துச் செயலிக்கு மாத்திரம் அது ஏன் முடியாது? லைன் கிடைத்தபின் கணக்கு போய்ச் சேரட்டும். ஆனால் வேலை நடந்த நேரம் எதுவோ அதுவே ஏடேறவேண்டும். கணக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைப் போட்டுவிட்டு “நீ ஒன்பது மணிக்குத்தான் வந்தாய்” என்று சொல்லுவது அநியாயம்.

தப்பான புள்ளியைக் கிராணியார் திருத்தினால், யார் திருத்தினார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்பது அழியாமல் நிற்கவேண்டும். இதை நாம் கிராணிமாருக்கு விரோதமாகச் சொல்லவில்லை. மேலேயிருந்து கை வைத்தவன் ஒருவன், பழி சுமப்பவர் கிராணி என்ற கதை ஆபீஸ்களில் புதிதா என்ன? கிராணிமார் வேறு சங்கத்தில் இருக்கலாம். இவ்விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே பக்கம்.

அடுத்தபடியாக, அந்தக் கணக்கில் நமக்கொரு பிரதி வேண்டும். வழித்தடத்தை எழுதி வைக்க ஜி.பி.எக்ஸ். என்றொரு பொதுவான கோப்பு முறை இருக்கிறது. பல வரைபடச் செயலிகளில் அதைத் திறந்து பார்க்கலாம். மாதம் முடிந்ததும் ஒரு பொத்தானைத் தொட்டால் நமது கைப்பேசியில் அது வந்து விழவேண்டும். நம்மைப் பற்றிய தரவை நாம் பார்க்கவும், தவறிருந்தால் திருத்தக் கோரவும் உரிமையுண்டென்று 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. சட்டத்திலே இருக்கிற உரிமை செயலியிலே ஒரு பொத்தானாக வருவதற்கு என்ன தடை?

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பியபின் நாம் எங்கே போகிறோம், எந்தக் கோயிலுக்கு, எந்தக் கடைக்கு, எந்தக் கூட்டத்துக்கு என்பது எவருக்கும் வேண்டாத விஷயம். வேலை முடிந்ததும் செயலி தானாக ஓயவேண்டும். ஓய்ந்துவிட்டதென்பது திரையில் பளிச்சென்று தெரியவேண்டும். இதில் பேரம் பேச இடமில்லை.

பின்தொடர்கிற கருவி கூலியை வெட்டுவதற்கு மாத்திரந்தானா உதவவேண்டும்? இருட்டில் ஒற்றை ஆளாய் நிரை நிரையாக நடக்கிறவரைப் பாம்பு தீண்டுகிறது, குளவி மொய்க்கிறது, ஓடைப் பாலத்தில் கால் வழுக்குகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இராது. திரையின் நடுவே ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கடைசியாக அறிந்த இடம், பிழை வட்டம், பீல்டு எண் மூன்றும் மண்டோருக்கும், டிரெஸ்ஸருக்கும், பக்கத்து நிரைக்காரருக்கும் போகவேண்டும். இன்டர்நெட் இல்லாவிட்டால் சாதாரணக் குறுஞ்செய்தியாகவாவது போகட்டும். மெலிந்த லைனிலும் குறுஞ்செய்தி நுழைந்துவிடும். ஆம்புலன்ஸ் தோட்டத்து வாசலில் நின்று வழி கேட்டுக்கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். 999-க்குச் சொல்ல வேண்டிய இட எண்களைச் செயலி பெரிய எழுத்தில் காட்டினால் ஒரு உயிர் பிழைக்கலாம். அதோடு, குளவிக்கூடு இங்கே, உடைந்த பாலம் இங்கே, மூடாத பழைய கிணறு இங்கே என்று வெட்டுகிறவரே வரைபடத்தில் குறி வைக்கவும், மறுநாள் அந்தப் பக்கம் போகிறவருக்கு அது எச்சரிக்கை தரவும் வேண்டும். காட்டை நம்மைவிட அறிந்தவர் யார்?

விபத்து நடந்த இடமும் நேரமும் எழுத்திலிருந்தால் பெர்கேசோவில் நஷ்டஈடு கோரும்போதும் உதவும். 1969-ஆம் ஆண்டின் சட்டப்படி வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு வந்தது. வெளிநாட்டுத் தோழர்களைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறோம்: இன்று பிரட்டுக் களத்தில் வங்காளியும் நேப்பாளியும் இந்தோனேசியத் தோழரும் நம்மோடு நிற்கிறார்கள். செயலி அவரவர் மொழியில் பேசவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் உரக்கச் சொல்லவும் வேண்டும். பால் பட்ட விரலை இந்தத் திரைகள் மதிப்பதில்லை, துடைத்துத் துடைத்துப் பொறுமை போய்விடுகிறது என்று பெண்கள் நம்மிடம் சொன்னார்கள். பொத்தான்களைப் பெரிதாக்குங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்.

கைப்பேசி யாருடையது? நமது காசில் வாங்கியதாயின், நாள் முழுக்க ஜி.பி.எஸ். ஓடிப் பாட்டரி தேய்வதும் டேட்டா செலவாவதும் நமது தலையிலா? மரம் வெட்டும் கத்தியைப்போல இதுவும் வேலைக் கருவிதான். நிர்வாகமே வாங்கித் தரட்டும்.

வாசகர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். உங்கள் வெட்டுப் பீல்டின் நான்கு மூலைகளிலும் நின்று, கைப்பேசி காட்டும் எண்களையும் பிழை மீட்டரையும் ஒரு தாளில் எழுதுங்கள். விடியற்காலையில் ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை. முடிந்தால் இரண்டு மூன்று கைப்பேசிகளில் பாருங்கள். புள்ளி எந்தப் பீல்டில் விழுந்தது என்பதையும் குறியுங்கள். கிராணிமார் அதே நாள் செக்ரோலில் என்ன பதிவாயிற்று என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. தாளைக் கிளைச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். நிர்வாகத்தாரோடு பேச உட்காரும்போது அந்தத் தாள்களை மேசைமேல் வைத்துத்தான் நாம் பேச்சைத் தொடங்கப்போகிறோம்.