6 வோல்ட் லாரியை மாத்துறீங்களா? முழுசா மாத்துங்க!

பழைய வண்டிப் பிரியர்கள் நாலு பேர் இருக்குற இடத்துல ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்க: 6 வோல்ட் லாரியை 12 வோல்ட்டுக்கு மாத்தலாமா? உடனே ரெண்டு கட்சி பிரிஞ்சிடும். ஒரு கட்சி, "ஒரிஜினாலிட்டி போயிடும், கை வைக்காதே"ன்னு சொல்லும். இன்னொரு கட்சி, "பேட்டரியும் பல்பும் மாத்தினா முடிஞ்சது, இதுல என்ன இருக்கு"ன்னு சொல்லும். என் கருத்து இதுதான்: ரோட்டுல ஓடப்போற வண்டின்னா தாராளமா மாத்துங்க. ஆனா பாதி மாத்திட்டு ஓட்டுறது, மாத்தாமலே ஓட்டுறதை விட ஆபத்து.

முதல்ல, எந்த வண்டிகளைப் பத்திப் பேசுறோம்? இரண்டாம் உலகப் போர் காலத்து ஜி.எம்.சி. ராணுவ லாரி, வில்லிஸ் ஜீப் எல்லாம் 6 வோல்ட். மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பிச்சப்பவும் அதே 6 வோல்ட்தான். 1950-களின் நடுவுல அமெரிக்கக் கம்பெனிகள் 12-க்கு மாறின. கம்ப்ரஷன் கூடின பெரிய இன்ஜினைச் சுத்தவிட 6 வோல்ட் திணறினதுதான் முக்கியக் காரணம். இன்னைக்கு நம்ம கனரக லாரிகள் 24 வோல்ட். 2023-ல் வந்த டெஸ்லா சைபர்டிரக் 48 வோல்ட். எல்லாத்துக்கும் பின்னாடி இருக்குறது நாம ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஓம் விதிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்க. 45 வாட் ஹெட்லைட் பல்பு 6 வோல்ட்டுல 7.5 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டுல 3.75 போதும். துருவும் லூஸ் கனெக்‌ஷனும் சேர்ந்து வழியில 0.1 ஓம் இருக்குன்னு வைங்க. 6 வோல்ட் வண்டியில பல்புக்குப் போய்ச் சேர்றது சுமார் 5.3 வோல்ட். 12 வோல்ட் வண்டியில சுமார் 11.6. இழை பல்போட வெளிச்சம், வோல்டேஜ் குறையுறதை விட ரொம்ப வேகமா குறையும். அதனால முதல் வண்டி மூணுல ஒரு பங்கு வெளிச்சத்தை இழக்கும், ரெண்டாவது பத்துல ஒரு பங்கைத்தான். ராத்திரி லைட் போடாம நிக்கிற டிராக்டர் டிரெய்லர் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதாங்கறது இந்தக் கணக்குலதான் இருக்கு.

இதே கணக்கை இன்னொரு பக்கத்துல இருந்தும் பாருங்க. அந்த 0.1 ஓமைச் சரி பண்ணினா 6 வோல்ட்டே நல்லா எரியும். அதனால பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு, பேட்டரி முனைக்கும் பல்பு முனைக்கும் நடுவுல அளங்க. எர்த் பக்கமும் அதே மாதிரி. ரெண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினா, குத்தம் வயரிங் மேல. செல்ஃப் எடுக்கத் திணறுதுன்னா பேட்டரி கேபிளைப் பாருங்க. 6 வோல்ட்டுக்கு வேண்டிய தடிமன் கேபிள் போய், யாரோ 12 வோல்ட் கார் கேபிளை மாட்டியிருப்பாங்க.

அப்போ எதுக்குத்தான் மாத்தணும்? வழியில பல்பு போச்சுன்னா சின்னாளப்பட்டியிலோ திண்டுக்கல்லிலோ கடையில கேட்ட உடனே கிடைக்கணும். மியூசியத்துல நிக்கிற வண்டிக்கு அந்தக் கவலை இல்ல, ஓடுற வண்டிக்கு உண்டு. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மாத்துறப்போ எதையெல்லாம் விடக் கூடாது? 6 வோல்ட் காயிலுக்கு 12 கொடுத்தா ரெண்டு மடங்கு கரன்ட் இழுத்துச் சூடாகும், பாயின்ட்டும் தீயும். ஒண்ணு 12 வோல்ட் காயில் போடுங்க, இல்ல சரியான பேலஸ்ட் ரெசிஸ்டர் போடுங்க. பெட்ரோல் கேஜுக்குத் தனியா வோல்டேஜ் குறைக்கிற யூனிட் வேணும். பழைய செல்ஃப் மோட்டார் 12-ஐத் தாங்கும், ஆனா ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அந்தக் காலத்து டாட்ஜ் மாதிரி பல வண்டிகள்ல பாசிட்டிவ்தான் எர்த். இப்போ கிடைக்கிற ஆல்டர்நேட்டர் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த். பார்க்காம மாட்டினா டயோடு அந்த நொடியே காலி.

இதுல பெரிய ஆபத்து டாஷ்போர்டுல இருக்கு. பழைய வண்டியில செல்ஃப் தவிர மத்த கரன்ட் எல்லாம் அம்மீட்டர் வழியாத்தான் போகும். அது 30, 40 ஆம்பியருக்குச் செஞ்சது. 60 ஆம்பியர் ஆல்டர்நேட்டரை அதே துணி சுத்தின வயர்ல கோத்து, ஃபியூஸும் போடாம விட்டா, ஒரு நாள் டாஷ்போர்டு பின்னாடி புகை வரும். பக்கத்துலயே பெட்ரோல் லைன்.

பாதி வேலைக்கு உதாரணம் தேடி மியூசியம் போக வேண்டாம். நம்ம நாலுவழிச் சாலையில போற 24 வோல்ட் லாரிகள்லயே பார்க்கலாம். ரெண்டு பேட்டரியில ஒண்ணுல மட்டும் வயர் எடுத்து 12 வோல்ட் பாட்டு செட் ஓடும். அந்த பேட்டரி எப்பவும் அரைப்பட்டினி, இன்னொண்ணுக்கு அளவுக்கு மீறின சார்ஜ். ரெண்டும் சீக்கிரம் சாகும். ஒரு கன்வர்ட்டர் போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. டிரைவர் அண்ணனைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராம இருக்கணும். கணக்குப் போடத் தெரிஞ்ச நாம அதே வேலையைச் செஞ்சாத்தான் தப்பு.

கடைசியா ஒண்ணு. கழட்டின டைனமோ, கட்-அவுட், கேஜ் எதையும் எடைக்குப் போடாதீங்க, பெட்டியில போட்டு வைங்க. புது வயரிங் படத்தை வரைஞ்சு வண்டியிலயே வைங்க. பேட்டரி பக்கத்துல "12 வோல்ட், நெகட்டிவ் எர்த்"னு பெயின்ட்ல எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க. நாளைக்கு அந்த பானெட்டைத் திறக்கப்போற ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனுக்கு நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கையில கிடைக்காது.