'உங்க லேப்டாப்பில் 5 வைரஸ்': எண்ணிப் பார்த்தது யார்?

ஆஃபீஸ் வேலையாக ஒரு பிடிஎஃப்-ஐ அவசரமாக வேர்டு ஃபைலாக மாற்ற வேண்டும். கூகுளில் தேடி, கண்ணில் பட்ட முதல் இலவச தளத்தைத் திறக்கிறீர்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று எச்சரிக்கை, கூடவே அலாரம் சத்தம். 'ஸ்கேன்' பட்டனை அமுக்கினால் ஃபைல் பெயர்கள் கடகடவென ஓடுகின்றன.

பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். ஆனால் அங்கே எந்த ஸ்கேனும் நடக்கவில்லை. அது வெறும் இணையப் பக்கம். உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தானாகத் துழாவ க்ரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்கள் அதை விடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பக்கம் வைரஸை எப்படி எண்ணும்? ஓடுவது அனிமேஷன், அவ்ளோதான்.

இது பழைய வித்தை. 2000-களில் 'வின்ஃபிக்சர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' போன்றவற்றை இப்படிப் பயமுறுத்தியே விற்றார்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2008-ல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சம் பேருக்கு மேல்.

இதைவிடக் கூத்து 2019 வழக்கு. ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனம், வாடிக்கையாளர்களின் கணினியை இலவசமாகச் சோதித்துக் கொடுத்தது. சோதனைக்கு முன் 4 கேள்விகள்: கணினி மெதுவாக ஓடுகிறதா, பாப்-அப் அடிக்கடி வருகிறதா, இந்த மாதிரி. ஒன்றுக்கு 'ஆமாம்' சொன்னாலே, மால்வேர் அறிகுறி இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிடும். ஸ்கேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றது எஃப்டிசி. சாஃப்ட்வேரைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் நிறுவனங்கள் 2.6 கோடி டாலர் கட்டின. பிரச்னையே இல்லாத கணினியிலும் அவற்றின் ஸ்கேன் கோளாறுகளை அடுக்கியது என்பது புகார்.

'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லவே தெரியாத ஸ்கேனை எப்படி நம்புவது?

நமக்குச் சங்கடமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. பாப்-அப்பில் வரும் ஃபோன் நம்பரின் மறுமுனை பல நேரம் இந்தியாவில்தான். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த தகவலின் பேரில் சிபிஐ நடத்திய 'ஆபரேஷன் சக்ரா-2' சோதனைகளில் போலி டெக் சப்போர்ட் கால் சென்டர்கள் சிக்கின.

மைக்ரோசாஃப்டின் நிஜ எச்சரிக்கையில் ஃபோன் நம்பர் இருக்காது. சந்தேகமா? ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யை நீங்களே திறந்து பாருங்கள். விண்டோஸ் 10, 11-ல் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாக வாங்கினால்தான் பாதுகாப்பு என்றில்லை. நீங்கள் வாங்கவே வாங்காத ஆன்டிவைரஸ் 'காலாவதி' என்று திரை மூலையில் எட்டிப் பார்த்தால், எப்போதோ ஏதோ தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் போய் அதை நீக்கினால் போதும்.

சிவப்புத் திரை வந்தால் அதில் இருக்கும் எந்த பட்டனையும் தொடாதீர்கள், 'க்ளோஸ்' உட்பட. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். நகரவில்லையா, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய டேப்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டீர்களா, எனிடெஸ்க் மாதிரி ஆப் வழியாக யாரையாவது உள்ளே விட்டுவிட்டீர்களா? முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். ஆஃபீஸ் லேப்டாப் என்றால் ஐடி டீமுக்கு உடனே சொல்லுங்கள். 'திட்டுவாங்களே' என்று ராத்திரி முழுக்க மறைத்து வைத்தால், அதற்குள் கிளையன்ட் டேட்டா வெளியே போயிருக்கும். பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியில் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930-க்கும் அழையுங்கள்.