மலையுச்சிக்கு ஒரு பாட்டு

பழைய பாடல் ஒலிக்கும் எந்த ஊரிலும் 'வாராய் நீ வாராய்' காதல் பாட்டாகத்தான் கேட்கிறது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. மருதகாசி எழுத்து, ஜி. ராமநாதன் இசை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யை (1950) பார்த்தவர்களுக்குத்தான் அது கொலைகாரனின் பாட்டு என்று தெரியும். தள்ளிவிட்டுக் கொல்லத்தான் கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். மெட்டு எங்குமே அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. ராமநாதன் அதைச் சற்றே கரடுமுரடாக்கியிருந்தால் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். நாமும் இத்தனை காலம் கேட்டிருக்க மாட்டோம்.

உச்சியில் உண்மை தெரிகிறது. சாகும் முன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். சுற்றி வந்தவள், அவன் முதுகுப் பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

வசனம் எழுதிய மு. கருணாநிதி இந்தக் காட்சியைப் பௌத்தக் காப்பியமான குண்டலகேசியிலிருந்து எடுத்தார். அதன் வேர் இன்னும் பழையது. பாலி மொழித் தேரிகாதையின் உரையில் ராஜகிருகத்துச் செல்வர் மகள் ஒருத்தி, கொலைக்களத்துக்குப் போகும் திருடனைக் கண்டு மையல் கொள்கிறாள். அவன் புரோகிதர் மகன். படத்தில் வரும் கணவனும் திருடன்தான், ராஜகுருவின் மகன். பல நூற்றாண்டுகள் தாண்டியும் அந்த உறவுமுறைகூட மாறவில்லை.

தமிழ்க் குண்டலகேசியில் நமக்கு மிஞ்சியவை 19 பாடல்களே. பௌத்தர்களின் அந்த நூலை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. அதன் உரையாசிரியர்தான் எதிரியின் கதையைப் பத்திரமாகச் சொல்லி வைத்தார். வாதம் செய்யும்போதும் எதிராளியின் பேச்சை முழுதாகச் சொல்லிவிட்டு மறுக்கும் அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை 1936-இல் பதிப்பித்தார். அதையொட்டிய காலத்தில்தான், லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை எழுப்பினார். 'மந்திரி குமாரி' வழியே, ஏடு அறியாத தறிக்காரர்களும் உழவர்களும் தொலைந்த காப்பியத்தைத் தரை டிக்கெட்டில் பார்த்தார்கள். எந்தப் பதிப்பும் அத்தனை பேரை எட்டியதில்லை.

இதைச் சேலம் தன் வரலாறாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை. பௌத்தம் இந்தச் சமவெளிக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. ஆத்தூர் அருகே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக மக்கள் வணங்கிவந்த சிலை புத்தருடையது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.