ஒரு நாற்காலியின் விலை

அடிமைத் தளையை அறுத்தெறிந்த கட்சி எது? குடியரசுக் கட்சி! லிங்கன் வழிவந்த கட்சி நாங்கள் என்று அமெரிக்க நாட்டு மேடைகளிலே இன்றும் முழங்குகின்றனர் அக்கட்சியினர். முழங்கட்டும். 1854-இல், அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவலாகாது என்று எதிர்த்து எழுந்த கட்சிதான் அது. 1863-இல் விடுதலைப் பிரகடனம் தந்த லிங்கன் அதன் தலைவர்தான். நிறங்காட்டி வாக்குரிமை பறிக்கலாகாது என்று 1870-இல் அரசியல் சட்டத்திலே பொறித்ததும் அக்கட்சியே. நாம் மறுக்கவில்லை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

1876-ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் தேர்தல். குடியரசுக் கட்சியின் சார்பிலே ஹேய்ஸ். எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் டில்டன். மக்கள் அளித்த வாக்கில் டில்டனே முந்தினார், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வாக்குகள் மிகுதி. ஆனால் அந்நாட்டிலே தலைவரைத் தீர்மானிப்பது மாநிலந்தோறும் உள்ள தேர்வாளர் வாக்கு. அதில் அவருக்குக் கிட்டியது 184, வேண்டியதோ 185! புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று தென் மாநிலங்களின் 19 வாக்குகளும், ஓரிகானின் ஒரு வாக்கும் தகராறில் சிக்கின. தீர்ப்புக்கூற 15 பேர் கொண்ட குழு; அதிலே உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவர். எட்டுப் பேர் குடியரசுக் கட்சிச் சார்பினர், எழுவர் மறுபக்கம். இருபது வாக்குகளும் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் ஹேய்ஸுக்கே! நீதிபதிகளும் கட்சி பார்த்தே பிரிந்தனர். நீதியா அது, தலை எண்ணும் வேலையா?

தோற்ற தரப்பு ஏன் அடங்கிற்று? பேரம் எந்த அறையிலே, எந்தச் சொற்களிலே முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். நடந்தது என்ன என்பதை நாம் பார்ப்போம். 1877 ஏப்ரலில், தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் மாநில அரசு மாளிகைகளைக் காத்துநின்ற படை, ஹேய்ஸின் ஆணைப்படி பாசறைக்குத் திரும்பிற்று. அங்கிருந்த குடியரசுக் கட்சி ஆட்சிகள் சரிந்தன. கறுப்பின மக்கள் கைவிடப்பட்டனர். எவர் வாக்கை நம்பி அந்த மாநிலங்களிலே கட்சி வாழ்ந்ததோ, அவர்களையே விலையாகக் கொடுத்து நாற்காலி வாங்கினர்!

பின்னர் வந்த கொடுமையைக் கேளுங்கள். 1898-இல் லூசியானாவிலே புதுச் சட்டம் செய்தனர். வாக்களிக்க எழுத்தறிவு வேண்டும், அல்லது சொத்து வேண்டும். 1867 ஜனவரி முதல் நாளன்று தந்தைக்கோ பாட்டனுக்கோ வாக்குரிமை இருந்திருந்தால் இரண்டுமே வேண்டாம்! அந்நாளில் அங்கே கறுப்பினப் பாட்டன் எவனுக்கு வாக்கு இருந்தது? பாட்டன் எவன் என்று பார்த்துப் பேரனுக்கு வாக்குச்சீட்டு! 1896-இல் அம்மாநில வாக்காளர் பட்டியலிலே கறுப்பர் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்.

சட்டம் செய்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். அந்தப் பெயரைப் பார்த்தீர்களா! தடுத்திருக்க வேண்டியவர்களோ, தேர்தலைக் கண்காணிக்க வந்த மசோதாவை 1891-இல் செனட்டிலே கிடப்பில் போட விட்டனர். வெள்ளி நாணயப் பிரச்சினை பெரிதாகிவிட்டதாம், அவர்களிலே சிலருக்கு!

1964-இல் மேடை மாறிற்று. குடியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜான்சன். டெக்சாஸ்காரர், ஜனநாயகக் கட்சியினர். குடியரசுக் கட்சி செனட்டர்களிலே பெரும்பாலோரும் அதை ஆதரித்தனர். ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலுக்கு அக்கட்சி நிறுத்தியதோ எதிர்த்து வாக்களித்த கோல்டுவாட்டரை. தம் சொந்த மாநிலமான அரிசோனாவோடு அவர் வென்றவை தெற்கே ஐந்து மாநிலங்கள். அந்த ஐந்தில் லூசியானாவும் உண்டு, தென் கரோலினாவும் உண்டு!