பவர் பார்த்தால் கண்ணைப் பார்த்ததாகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் தலைவலி, கண் மங்கல் என்று யார் சொன்னாலும் பதில் தயாராக இருக்கும்: "பவர் மாறியிருக்கும், கண்ணாடி போடு, சரியாயிடும்." பல பேருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மண்டைக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் முனை வீங்கியவருக்கு அந்தப் பதிலே பார்வையைப் பறித்துவிடலாம். அந்தப் பதிலுக்குச் சொல்லப்படும் காரணங்கள் நிற்குமா?

"கம்ப்யூட்டரில் செக் பண்ணியாச்சு." அந்த மெஷின் சொல்வது லென்ஸ் கணக்கு மட்டுமே. மூளையைச் சுற்றியுள்ள நீர் பார்வை நரம்பின் உறைக்குள்ளும் பரவியிருக்கிறது. தலைக்குள் அழுத்தம் கூடினால் அது நரம்பை நெருக்கும். கண்ணின் பின்சுவரில் தெரியும் நரம்பு முனை உப்பிக்கொள்ளும். அதைப் பார்க்க ஆப்தல்மாஸ்கோப் வேண்டும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை உருவாக்கியது 1851-இல். இன்றைக்குப் புதுமையான கருவி இல்லை.

"கடைசி வரி வரைக்கும் படிக்கிறாரே!" படிப்பார். ஆரம்பத்தில் நடுப்பார்வை கெடுவதில்லை. குருட்டுப்புள்ளி பெரிதாகும், பிறகு ஓரப்பார்வை சுருங்கும். எழுத்தே தெரியவில்லை என்று வரும்போது பல நரம்பிழைகள் பட்டுப்போயிருக்கும். அவை திரும்பத் துளிர்ப்பதில்லை.

"வெல்டிங் வெளிச்சம்தான்." வெல்டிங் ஒளி சுடுவது கருவிழியை. ஷிப்டு முடிந்து சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வடியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். நரம்பு முனை வீங்கினால் கண் சிவப்பதில்லை. குனிந்து நிமிர்ந்தால் சில நொடி இருட்டிக்கொண்டு வரும். விடியற்காலைத் தலைவலி, வாந்தி, காதில் நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சல், பொருள் இரண்டாகத் தெரிவது ஆகியவையும் இருக்கலாம்.

"சின்ன வயசு, அதெல்லாம் வராது." காரணம் தெரியாமல் மண்டை அழுத்தம் ஏறும் நோய் அதிகம் வருவது உடல் எடை கூடிய இளம்பெண்களுக்குத்தான். மூளைக்கட்டி, மூளைச் சிரையில் ரத்த உறைவு, காசநோய் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றாலும் அழுத்தம் ஏறும். முகப்பருவுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள், அளவு மீறிய வைட்டமின் ஏ, உடலில் மிக அதிகமாகச் சேர்ந்த ஈயம் இவையும் காரணமாகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகுத்தண்டு நீரின் அழுத்தம் பார்த்து, காரணத்துக்கேற்ப வைத்தியம் செய்ய வேண்டும். கட்டி, உறைவு எதுவும் இல்லையென்றால் எடைக்குறைப்பும் அசிட்டசோலமைடு மாத்திரையும் பலருக்குப் பலன் தருகின்றன.

கடைசி வாதம்தான் நியாயமானது: "நரம்பைப் பார்க்க, பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் அன்றைய ஷிப்டு போச்சு." உண்மை. சில மணி நேரம் கண் கூசும், கிட்டப்பார்வை மங்கும்; மெஷின் முன்னால் நிற்கக் கூடாது. அப்படியானால் கம்பெனி கண் முகாமை வார விடுமுறையில் வைக்கட்டும். அல்லது சொட்டு மருந்தில்லாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவைக் கொண்டுவரட்டும். மேலே சொன்ன அறிகுறி உள்ளவர் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கிறது; 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அங்கிருந்து பக்கம். எங்கே காட்டினாலும், "பவர் இருக்கட்டும், நரம்பைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.