ஆலயத்து கிடாரும் ஆண்ட்ராய்டு போனும்



மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது ஒரு கட்டுரை கொடுடா" என்று கேட்டவுடன் 'இளைஞர்களும் நாட்டு முன்னேற்றமும்' என்று தலைப்புப் போட்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பாராவுக்கு மேல் வண்டி ஓடவில்லை. சரி, தெரிந்ததை எழுதுவோம் என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, நான் படிக்கிற எலக்ட்ரானிக்ஸ் (அதுவும் அரைகுறை). இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மலைக் கோயிலில் நான் வாசிக்கிற கிடார். இந்த இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் இப்போது எங்கள் ஊரில் ஒரு சண்டை நடக்கிறது. அதில் என் கட்சி என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் ஊர் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். ஹாஸ்டல் நண்பர்கள் ஒருமுறை வந்து, பாதி வழியிலேயே வாந்தி எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும்! இந்த ரோடெல்லாம் இல்லாத காலத்தில், 1913ல், ஜெஸ்ஸி பிராண்ட் என்ற வெள்ளைக்காரரும் அவர் மனைவி ஈவ்லினும் கல்யாணமான கையோடு இந்த மலையேறி வந்தார்கள். அவர் 1929ல் காய்ச்சலில் இறந்துபோனார். அந்த அம்மா மட்டும் வயதான காலத்திலும் மலை மலையாகச் சுற்றி, 1974ல்தான் கண்ணை மூடினார். எங்கள் பக்கம் சபைகள் வந்த கதை அங்கேதான் ஆரம்பம். அப்போது கிடாரும் இல்லை, கரண்டும் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். போன அறுப்புப் பண்டிகையில் வழக்கம்போல் ஏலம் நடந்தது. மிளகு, வாழைத்தார், பலாப்பழம், பூசணிக்காய், ஒரு சேவல். என் அப்பாயி கொண்டுவந்த பூசணிக்காயை மூன்று பேர் போட்டி போட்டு ஏற்றிவிட்டு, கடைசியில் சந்தை விலையைப் போல் ஆறு மடங்குக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இசைக்கருவிக்கு ஒதுக்கினார்கள். எங்கள் வாலிபர் சங்கம் என்ன சொல்கிறது? கிடாருக்கு ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் புராசஸர் வேண்டும், பாட்டும் கார்டும் பார்க்க ஒரு டேப்லெட் வேண்டும், அதில் போட நல்ல நல்ல ஆப்புகள் வேண்டும். "நீதான் வாசிக்கிறவன். உனக்காகத்தான் கேக்கறோம்" என்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். வாசிக்கிறவனே வேண்டாம் என்றால் கோபம் வராதா? வந்திருக்கிறது.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு என் சொந்த முட்டாள்தனமே சாட்சி. போன வருஷம், மெஸ் பில் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்து, கிடாரையும் போனையும் இணைக்கிற ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கினேன். போனில் ஆம்ப் ஆப் ஒன்றை இறக்கினேன். பெரிய மேடைகளில் கேட்கிற சத்தமெல்லாம் அந்தச் சின்னத் திரையில்! ஹாஸ்டல் ரூமில் ஹெட்போன் மாட்டி வாசித்தபோது நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். அந்த ஞாயிறு ஊருக்குப் போனேன். கிடார், போன், அங்கிருந்து புளூடூத் ஸ்பீக்கர். ஆராதனையில் முதல் பாட்டு ஆரம்பித்தது. என் கை ஒரு நேரத்தில் அடிக்கிறது, சத்தம் இன்னொரு நேரத்தில் வருகிறது. ஜனங்கள் சத்தத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், நான் ஜனங்களைப் பிடிக்கப் பார்க்கிறேன். பாட்டு இழுத்து இழுத்து, மூன்றாவது அடியில் படுத்தேவிட்டது. முன்வரிசைக் கிழவிகள் வாயை மூடிக்கொண்டார்கள். போதகர்தான் எழுந்து கைதட்டி மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

என்ன நடந்தது என்பதை ஹாஸ்டலுக்கு வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். புளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க 0.1 முதல் 0.2 வினாடி ஆகும், சில ஸ்பீக்கரில் அதற்கு மேலும் ஆகும். 0.2 என்றே வைப்போம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அப்படியானால் நான் வாசித்தது என் ஸ்பீக்கரை 68 மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வாசித்ததற்குச் சமம்! நிமிஷத்துக்கு 90 தட்டு ஓடுகிற பாட்டில் ஒரு தட்டு 0.67 வினாடி. அதில் கால்பங்குக்கு மேல் பின்தங்கினால் தாளம் எங்கே நிற்கும்? படம் பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் போன் படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திக்கொள்ளும். நம் கையைத் தாமதப்படுத்த அதனால் முடியாதே!

வயர் போட்டு வாசித்தால் தாமதம் குறையும்தான். ஐபோனில் இன்னும் குறைவு. ஆனால் நான் வாங்கிய மலிவு இன்டர்ஃபேஸ் மழை பெய்கிற மாதிரி இரைந்தது. மெஸ் பில் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் திட்டவில்லை. "மிளகு காயட்டும் சாமி, கட்டிடலாம்" என்றார். எங்கள் வீட்டில் அஞ்சாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் கைநாட்டு. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்காக ஆப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. டியூனர் ஆப் நமக்குக் கிடைத்த வரப்பிரசாதம். கிடார்டியூனா, ஃபென்டர் டியூன் என்று இலவசமாகவே கிடைக்கிறது. எங்கள் மலைக்கு இது ரொம்ப முக்கியம். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாகக் கோயிலுக்குள்ளேயே வந்து உட்காரும். கிடார்ப் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், கம்பி மேலே எழும்பும், சுருதி ஓடும். இரும்புக் கம்பி ஒரு மாதத்தில் துருப்பிடித்துக் கறுக்கும். ஆராதனைக்கு அரைமணி முன்னால் ஆப்பை வைத்துச் சுருதி சேர்த்தே ஆகவேண்டும். தடித்த 6வது கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழ்ச்சத்தத்தைப் போன் மைக் சரியாகப் பிடிக்காமல் முள் ஆடும். அப்போது 12வது ஃபிரெட்டுக்கு நேராக விரலை லேசாக வைத்துத் தட்டினால் இரண்டு மடங்கு ஹெர்ட்ஸில் மணிபோல் ஒரு சத்தம் வரும், முள் நிற்கும். ஆனால் ஜனங்கள் வந்து உட்கார்ந்து, டிரம் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் ஆப் திணறிவிடும். அதற்குக் கிடார் தலையில் கவ்விக்கொள்கிற கிளிப் டியூனர்தான் சரி. அது காற்றைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைக் கேட்கிறது. சில நூறு ரூபாய்தான்.

(கம்பி எழும்பினால் விரல் வலிக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் வலிக்கு ஆப் தேடாதீர்கள்! அந்த பிராண்ட் தம்பதியின் மகன் பால் பிராண்ட், 1914ல் பிறந்து எங்கள் கொல்லிமலையில் வளர்ந்தவர், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். வலி தெரியாமல் போவதால்தான் அவர்கள் கை பாழாகிறது, வலி ஒரு காவல்காரன் என்று உலகத்துக்கே சொன்னவர். அந்த மலைக்காரன் நான், விரல் வலிக்குப் பயந்தால் அசிங்கம்.)

கார்டு ஆப்புகளுக்கு வருவோம். இங்கேதான் எனக்கும் வாலிபர் சங்கத்துக்கும் உண்மையான தகராறு. ஒரு பாட்டின் ரெக்கார்டிங்கைக் கொடுத்தால் ஆப் கார்டைக் காட்டும், நாமும் அப்படியே வாசிக்கலாம். ஆனால் ரெக்கார்டிங்கில் பாடியவர் தொழில்முறைப் பாடகர். அவர் எட்டுகிற சுருதியை எங்கள் கோயிலில் யார் எட்டுவது? பொதுவாக மேல் 'டி' தாண்டினால் சாதாரண ஜனங்களுக்குத் தொண்டை அடைக்கும். நான் ஆப் சொன்ன சுருதியிலேயே நாலைந்து வாரம் வாசித்தேன். ஒருநாள் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே அப்பாயி கேட்டது: "ஏஞ்சாமி, இப்பெல்லாம் பாட்டு மரத்து மேல ஏறிக்குது. நாங்க எப்படி ஏர்றது?"

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. பாட்டு அத்தனையும் காதில் கேட்டு மனசில் வைத்தது. டேப்லெட்டில் வரி ஓடினால் அதற்கென்ன, ஓடாவிட்டால் என்ன? அந்தக் கோயிலில் பாதிப்பேர் அப்படித்தான். அவர்களுக்கு வாய்த்த ஒரே புஸ்தகம் பாட்டு. அதை நான் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு அழகாக வாசித்து யாருக்கு லாபம்? அன்றிலிருந்து ஆப்பில் இருக்கிற டிரான்ஸ்போஸ் பட்டனைத்தான் முதலில் அழுத்துகிறேன். 'இ'யில் இருக்கிற பாட்டை 'சி'க்கு இறக்கி, ஒரு கிழவியைப் பாடச்சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் பேப்பரில் எழுதுகிறேன். கேப்போ போட்டால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. இதை மறந்துவிட்டுப் பலபேர் கேப்போவை மாட்டி ஜனங்களைத் தவிக்கவிடுகிறார்கள்.

பழைய கீர்த்தனைகளில் ஆப் இன்னும் மோசம். வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகங்களில் கட்டிய பாட்டுகள் இன்றைக்கும் கோயிலில் உண்டு. அதில் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். ஆப்புக்குத் தெரிந்தது பியானோக் கட்டைபோல் பன்னிரண்டு படிகள். ஏதோ ஒரு மைனர் கார்டைப் போட்டுவைக்கும், கேட்டால் பாயசத்தில் புளி விழுந்த மாதிரி இருக்கும். ஆர்மோனியத்தில் கமகம் வராது என்பதற்காக 1940ல் வானொலியிலேயே அதைத் தடை செய்தார்கள், 1971ல்தான் தளர்த்தினார்கள். அவ்வளவு கடுமை எனக்குப் பிடிக்காது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஃபிரெட் வைத்த கருவியிலேயே கமகத்தைக் கொண்டுவந்து காட்டவில்லையா? அது விரலால் வந்தது. எனக்கு அந்த விரல் இல்லை. அதனால் கீர்த்தனை வந்தால் கார்டை விட்டுவிட்டு ஆதார சுருதியை மட்டும் தம்புரா மாதிரி மீட்டிக்கொண்டிருப்பேன். ஜனங்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்!

விளம்பரம் பற்றியும் சொல்லவேண்டும். ஒருநாள் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க, என் போனில் இருந்த இலவச ஆப் திடீரென்று ரம்மி விளையாட வாருங்கள் என்று கத்தியது. அதற்கப்புறம் ஏரோபிளேன் மோடில் போடாமல் போனைக் கோயிலுக்குள் எடுத்துப் போவதில்லை. மலையில் சில இடத்தில் டவரே கிடைக்காது. இண்டர்நெட் இல்லாமல் திறக்காத ஆப்பை நம்பிப் போனால் முதல் பாட்டிலேயே கதை முடிந்தது.

சரி, பணத்தை என்னதான் செய்யலாம் என்கிறாய்? கேட்கிறார்கள். என் பதில்: இரண்டு செட் கம்பி, ஒரு நல்ல வயர், ஒரு டி.ஐ. பாக்ஸ். புராசஸர் விலையில் சின்னப் பங்குதான் வரும். எங்கள் கோயிலில் கிடாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே பன்னிரண்டு மீட்டர் சாதா வயர் ஓடுகிறது. பக்கத்திலேயே கரண்டு லைன். 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்று கூடவே பாடுகிறது! டி.ஐ. பாக்ஸ் கிடார் சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றி அனுப்பும். இரண்டு கம்பியிலும் ஒரேமாதிரி ஏறுகிற இரைச்சல் மறுமுனையில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். நம்ம ஆப்-ஆம்ப் பாடத்தில் சி.எம்.ஆர்.ஆர். என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினோமே, அதுதான். எனக்கு அது கோயிலில்தான் புரிந்தது. இன்னொன்று, கிடாருக்குள் இருக்கிற 9 வோல்ட் பேட்டரி. ஜாக்கைச் செருகியபடியே விட்டால் அடுத்த வாரத்துக்குள் காலியாகிவிடும், ஏனென்றால் அந்த ஜாக்தான் அதற்கு ஸ்விட்ச். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "டவுன் சர்ச்சுல பேண்டு மாதிரி அடிக்கறாங்க. இங்க அந்த சத்தம் இல்லைன்னா நம்ம பசங்க யாரு வருவா?" என்று என் சிநேகிதன் கேட்டான். படிப்புக்கும் வேலைக்கும் கீழே இறங்கிய பையன்கள் திரும்பி ஏறுவதில்லை என்பது உண்மை. நானே கீழேதான் இருக்கிறேன். ஆனால் அவன் சொல்கிற டவுன் சர்ச்சில் தேர்ந்த சவுண்டுக்காரர் இருக்கிறார், கரண்டு ஒழுங்காக இருக்கிறது. எங்களிடம் அந்தப் பெட்டியை வாங்கி வைத்து, ஒரு மழைக்காலம் போனால் பூஞ்சை பூத்துவிடும். ரிப்பேருக்கு 70 வளைவும் இறங்கவேண்டும். அப்பாயியின் பூசணிக்காய்ப் பணம் அது. அப்பாயி பாடமுடியாத ஒரு சத்தத்துக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதை அவனிடம் சொன்னபோது "நீ படிச்சுட்ட, பேசற" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

கமிட்டி செமஸ்டர் லீவில் கூடுகிறது. அதற்குள் வாயால் பேசாமல் காதுக்குக் காட்டிவிடலாம் என்று இருக்கிறேன். இசைக்குழுவில் வாசிக்கிற ஒரு அண்ணன் தன் டி.ஐ. பாக்ஸை ஒரு வாரம் இரவல் தருகிறேன் என்றிருக்கிறார். வயர் மட்டும் நானே தயார் பண்ணவேண்டும். மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். ஜாக் இரண்டும், பன்னிரண்டு மீட்டர் ஷீல்டு வயரும் வாங்கிவிட்டேன். ஒன்றாவது பின்னுக்கு ஷீல்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் சிக்னல். லேபில் கேட்டால் சாலிடரிங் அயர்ன் வெளியே விடமாட்டார்கள். ஹாஸ்டலில் யாரிடமாவது 25 வாட் அயர்ன் இருந்தால், சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் கொடுங்கள். திங்கட்கிழமை பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், கூடவே ஒரு சீப்பு மலைவாழைப்பழமும்!